ஒத்திகை இல்லாத மேடை: கல்லூரி இம்ப்ராவ் பார்க்கப் போகிறவர்களுக்கு

நாகர்கோவில் பக்கம் கல்லூரியில் படிக்கிற பிள்ளை வீட்டுக்கு வந்து, "வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க இம்ப்ராவ் ஷோ இருக்கு, எல்லாரும் வாங்க" என்று கூப்பிட்டால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "என்ன கதை?" என்பதாகத்தான் இருக்கும். "தெரியாது." "நீ என்ன வேஷம் போடுற?" "அதுவும் தெரியாது." பிள்ளை எதையோ மறைக்கிறது என்று அம்மாவுக்குச் சந்தேகம் வரும். ஆனால் அது சொன்னது அத்தனையும் உண்மை. மேடை ஏறுகிற வரைக்கும் கதை, வேஷம், வசனம் எதுவும் அந்தக் குழுவில் யாருக்கும் தெரியாது. கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர் ஒரு சொல்லைச் சத்தமாகச் சொல்வார். அதைப் பிடித்துக்கொண்டு அந்த நிமிடமே நடிக்க ஆரம்பிப்பார்கள். இதுதான் இம்ப்ராவ்.

பலர் இதை ஸ்டாண்ட்-அப் காமெடி என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். ஸ்டாண்ட்-அப்பில் ஒருவர் மைக் முன்னால் தனியாக நின்று, எழுதி வைத்து பல மேடைகளில் சொல்லிச் சொல்லிப் பதம் பார்த்த வரிகளைச் சொல்கிறார். மிமிக்ரியில் நமக்குத் தெரிந்த குரல்கள். பட்டிமன்றத்தில் பேச்சாளருக்குத் தலைப்பு முன்பே போய்விடும். நகைச்சுவைத் துணுக்குகளும் பையில் இருக்கும். இம்ப்ராவில் கையில் எதுவும் கிடையாது. பக்கத்தில் நிற்கும் ஆள் மட்டும்தான் கைமுதல்.

ஒரு காட்சியைக் கிட்டே நின்று பார்த்துவிடலாம்.

மேடையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஓரத்தில் கறுப்பு டீ-ஷர்ட் போட்ட நாலைந்து பேர். நடத்துகிற பெண் முன்னால் வந்து, "ஏதாவது ஒரு இடம் சொல்லுங்க" என்கிறாள். பின்வரிசையில் இருந்து, "ஆக்குப்புரை!" என்று ஒரு குரல். கல்யாண வீட்டுச் சமையல் கொட்டகைக்கு நாஞ்சில் நாட்டில் அதுதான் பேர். ஒரு பையன் நடுமேடைக்கு வந்து இரண்டு கையாலும் கண்ணுக்குத் தெரியாத சட்டுவத்தைப் பிடித்துக் கிண்ட ஆரம்பிக்கிறான். அவன் கை சுற்றுகிற அகலத்தைப் பார்த்தே உருளி எவ்வளவு பெரியது என்று சபைக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு பெண் உள்ளே வருகிறாள்.

"அண்ணாச்சி, பிரதமன் இறக்கியாச்சா?"

"இந்தா இறக்கிரலாம் மக்ளே. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாச்சா?"

"எல்லாரும் வந்தாச்சு. மாப்பிள்ளையத்தான் காணல்ல."

சபை சிரிக்கிறது. இதில் நகைச்சுவைத் துணுக்கு ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அவள் வாயைத் திறந்ததும் மூன்று விஷயங்களைக் கொடுத்துவிட்டாள்: அவன் சமையல்காரர், வயதில் மூத்தவர், அடுப்பில் இருப்பது பிரதமன், அதாவது வெல்லப் பாயசம். அவன் மூன்றையும் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாரை உள்ளே கொண்டுவருகிறான். அவள் அதை எடுத்துக்கொண்டு ஒரு சிக்கலை வைக்கிறாள். மூன்றே வசனத்தில் இடம், உறவு, கதை மூன்றும் வந்துவிட்டன. இப்படிக் கொடுக்கப்படுவதை ஆட்டக்காரர்கள் ஆஃபர் என்பார்கள். வந்த ஆஃபரை ஏற்று அதன்மேல் இன்னொன்றை வைப்பது அடிப்படை விதி. அதற்கு 'யெஸ், அண்ட்' என்று பேர்.

அதே இடத்தில் பையன், "பிரதமனா? இது சிமென்ட் கலவைல்லா!" என்று சொல்லியிருந்தால்? அதற்கும் சிரிப்பு வரும். ஒருவேளை இன்னும் பெரிய சிரிப்பு வரும். ஆனால் அந்தப் பெண் கட்டிய ஆக்குப்புரை அத்தோடு சரிந்துவிடும். அவள் மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும். இதை பிளாக் என்கிறார்கள். புதிதாக ஆடுகிறவர்கள் அதிகம் விழுவது இங்கேதான். தன் ஒரு சிரிப்புக்காக அடுத்தவர் கொடுத்ததைத் தள்ளிவிடுவது. வகுப்பில் பெரிய ஜோக்கர் என்று பேர் வாங்கிய பையன் முதல் நாள் இம்ப்ராவில் திணறுவதற்கும், வாயே திறக்காத பெண் கலக்குவதற்கும் இதுதான் காரணம். அவள் காது கொடுத்துக் கேட்கிறாள். அவன் தன் முறைக்காகக் காத்திருக்கிறான்.

காட்சிக்குத் திரும்புவோம். மூன்றாவது ஆள் ஒருவன் பதற்றத்தில் ஓடிவந்து நேராக உருளி இருந்த இடத்தை மிதித்துக்கொண்டு நடந்துவிட்டான். சபையில் ஒருவர் பொறுக்க மாட்டாமல், "லேய், பிரதமன்ல சவிட்டிட்டான்!" என்று கத்துகிறார். நாடகத்தில் இது தவறு. இயக்குநர் தலையில் அடித்துக்கொள்வார். இங்கே அவன் அப்படியே நின்று, குனிந்து காலைப் பார்த்து, மெதுவாகத் தூக்கி, "அண்ணாச்சி... வெல்லம் கொஞ்சம் கம்மியா இருக்கு" என்கிறான். அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. இருபது நிமிடம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஓர் ஆஸ்பத்திரிக் காட்சியில் இன்னொருத்தி டாக்டராக இருக்கிறாள். அதே பையன் நொண்டிக்கொண்டே வருகிறான். "கால்ல என்ன?" "பிரதமன்." மறுபடியும் அரங்கம் அதிர்கிறது. பழையதை இப்படித் திரும்பக் கொண்டுவருவதற்குக் கால்பேக் என்று பேர். முதல் சிரிப்பு அவன் கெட்டிக்காரத்தனத்துக்கு; இரண்டாவது சிரிப்பு, நாமும் அந்த ஆக்குப்புரையில் இருந்தோம் என்பதற்கு.

வடிவங்கள் இரண்டு வகை. மேலே பார்த்தது மாதிரி சின்னச் சின்ன விளையாட்டுகளாக, ஒவ்வொன்றும் நாலைந்து நிமிடம் ஆடுவது ஷார்ட்-ஃபார்ம். ஒரே சொல்லில் இருந்து அரை மணி, முக்கால் மணி நேரம் பல காட்சிகளைப் பின்னிக்கொண்டே போவது லாங்-ஃபார்ம். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு ஷார்ட்-ஃபார்ம்தான் நல்லது. விதி என்ன என்று தெரிந்தால்தான் அதை எப்படி மீறப் பார்க்கிறார்கள், எப்படி மாட்டிக்கொள்கிறார்கள் என்று ரசிக்க முடியும்.

இது பிறந்த இடம் சிகாகோ. அங்கே ஹல் ஹவுஸ் என்ற சமூக நல இல்லத்தில், வேறு வேறு நாடுகளில் இருந்து குடியேறிய ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டு வழியாகவே எல்லாம் கற்றுக்கொடுத்தவர் நெவா பாய்ட். அவரிடம் பயின்ற வயோலா ஸ்போலின், அந்த விளையாட்டுகளை நடிப்புப் பயிற்சிக்கு ஏற்ற மாதிரி வளர்த்தெடுத்தார். 1963-ல் அவற்றைத் தொகுத்துப் புத்தகமாகவும் வெளியிட்டார். ஆரம்பம் இப்படி இருந்ததால்தான் இம்ப்ராவ் பயிற்சி இன்றைக்கும் குழந்தைகள் விளையாட்டு மாதிரியே இருக்கிறது. வட்டமாக நின்று கைதட்டலைக் கைமாற்றுவது, கண்ணுக்குத் தெரியாத பந்தைப் பிடிப்பது, இப்படி. ஸ்போலினின் மகன் பால் சில்ஸ், டேவிட் ஷெப்பர்டோடு சேர்ந்து 1955-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் காம்பஸ் பிளேயர்ஸ் என்ற குழுவை ஆரம்பித்தார். அதன் தொடர்ச்சியாக 1959 டிசம்பரில் செகண்ட் சிட்டி என்ற அரங்கம் திறந்தது. கல்லூரி வளாகத்து ஓரத்தில் பிறந்த கலை, மறுபடி கல்லூரிக்குள்ளேயே குடியேறியதில் ஆச்சரியம் இல்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர்களே குழு அமைத்து, ஆள் தேர்வு வைத்து, இரவு வேளையில் வகுப்பறையில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு ஆடுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

இன்னொரு கிளை இங்கிலாந்தில் முளைத்தது. லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் வேலை பார்த்த கீத் ஜான்ஸ்டன், பிறகு கனடாவின் கால்கரிக்குப் போய் 1977-ல் லூஸ் மூஸ் என்ற அரங்கைத் தொடங்கினார். மல்யுத்தக் கூட்டத்தில் பார்வையாளர்கள் கத்தித் தீர்ப்பதைப் பார்த்துவிட்டு, நாடகம் பார்க்கிறவர்கள் மட்டும் ஏன் பெட்டிப் பாம்பாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நினைத்து, தியேட்டர்ஸ்போர்ட்ஸ் என்று போட்டி வடிவில் ஒன்றை உருவாக்கியவர். பிரிட்டனில் 1988-ல் வானொலியில் தொடங்கி அதே ஆண்டே தொலைக்காட்சிக்குப் போன 'ஹூஸ் லைன் இஸ் இட் எனிவே' நிகழ்ச்சியும், அதன் அமெரிக்க வடிவமும் இந்த விளையாட்டுகளை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. நம் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இதை முதலில் பார்த்தது யூடியூபில் அதன் துண்டுகளைத்தான்.

நம்மூர் கல்ச்சுரல்ஸில் இதன் பங்காளிகள் ஏற்கெனவே உண்டு. ஒரு பொருளைக் கையில் கொடுத்து அந்த இடத்திலேயே விளம்பரம் நடிக்கச் சொல்லும் ஆட்ஸாப், தடுமாறாமல், சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், தலைப்பைவிட்டு விலகாமல் ஒரு நிமிடம் பேசும் ஜாம் எல்லாம் அந்த வகைதான். ஜாமுக்கும் மூலம் 1967-ல் தொடங்கிய பிரிட்டிஷ் வானொலி நிகழ்ச்சி. ஆனால் இவை போட்டிகள். நடுவர் மார்க் போடுவார். முதல் பரிசு, இரண்டாம் பரிசு உண்டு. இம்ப்ராவையும் அப்படிப் போட்டியாக்கிவிடுவது சில கல்லூரிகளில் நடக்கிறது. எனக்கு அது ஒத்துவரவில்லை. மார்க் என்று வந்த உடனே ஆளாளுக்குத் தனித்துத் தெரியப் பார்ப்பார்கள். அப்புறம் ஆக்குப்புரை எங்கே நிற்கும்? அமெரிக்க 'ஹூஸ் லைன்' நிகழ்ச்சியில் புள்ளி கொடுப்பார்கள், ஆனால் அந்தப் புள்ளிக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று நடத்துகிறவரே முதலில் சொல்லிவிடுவார். அந்தக் கிண்டலில் விஷயம் இருக்கிறது.

நமக்கு இது அவ்வளவு புதிதா?

குமரி மாவட்டத்துக்காரரிடம், "எழுதி வைக்காமல் மேடையில் ஆடுவார்கள், சபையைப் பார்த்து மாற்றிக்கொள்வார்கள்" என்று சொன்னால் அவர் பெரிதாக வியக்க மாட்டார். கோயில் கொடைவிழாவில் வில்லுப்பாட்டு கேட்டவர் அவர். நடுவில் வில், அதன் முன்னால் வீசுகோலோடு கதை பாடும் அண்ணாவி, பக்கத்தில் குடம், உடுக்கை, ஜால்ரா. கதை எல்லாருக்கும் தெரிந்த கதைதான். சுடலைமாடன் கதையோ முத்துப்பட்டன் கதையோ, முடிவு என்ன என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் எவ்வளவு நேரம் சொல்வது என்பது ஏட்டில் இல்லை. பூசை நேரம் தள்ளிப்போனால் கதையை நீட்ட வேண்டும். சாமி சீக்கிரம் வந்து ஆடிவிட்டால் சுருக்க வேண்டும். முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து அவரை ஒரு வார்த்தை கதைக்குள் இழுத்துப் போடுகிற அண்ணாவிகளும் உண்டு. அண்ணாவி ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுகிறார். அந்த ஆமா இல்லாவிட்டால் அண்ணாவிக்கு மூச்சே ஓடாது. நடுநடுவே குடம் அடிக்கிறவர், "அப்படியா? பிறகு?" என்று தெரியாதவர் மாதிரி ஒரு கேள்வியும் போடுவார்.

தோல்பாவைக் கூத்தில் ராமாயணம் நடந்துகொண்டிருக்கும்போதே உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற கோமாளிப் பாவைகள் வந்து அந்த ஊர்ச் சங்கதியைப் பேசிவிட்டுப் போவார்கள்; ராமருக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. கொஞ்சம் வடக்கே போனால் ஸ்பெஷல் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம் போன்றவற்றை, வெவ்வேறு ஊர்களில் இருந்து தனித்தனியே ஒப்பந்தமான நடிகர்கள் அன்றைக்கு இரவு மேடையில்தான் சந்தித்து, ஒத்திகையே பார்க்காமல் விடிய விடிய நடத்திவிடுவார்கள். வள்ளியும் நாரதரும் தர்க்கத்தில் மோதிக்கொள்ளும்போதும், பபூன் மேடையில் நிற்கும்போதும் எது எழுதியது, எது அப்போது பிறந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வில்லுப்பாட்டிலும் நாடகக் கம்பெனியிலும் வளர்ந்துதான் சினிமாவுக்குப் போனார். அப்படிப்பட்ட மண்ணில் போய், "உடனுக்குடன் நகைச்சுவை என்பது மேல்நாட்டுச் சரக்கு" என்று யாராவது சொன்னால் நாகர்கோவில் மணிமேடையில் நிற்கும் அவர் சிலைகூடச் சிரிக்கும்.

அப்படியானால் புதிது எது? என் கணிப்பில் ஒன்றுதான். இம்ப்ராவில் அண்ணாவி கிடையாது. வில்லுப்பாட்டில் ஆமா போடுகிறவர் கதையின் போக்கை மாற்ற முடியாது. அதை நடத்துகிறவர் ஒருவர்தான். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட்டு ராஜபார்ட்டுதான். இங்கே ஆமா போடுகிறவரே அடுத்த வரியை வைக்கிறார். அதற்கு இவர் ஆமா போட்டே ஆக வேண்டும். யார் மூத்தவர் என்பது காட்சிக்குக் காட்சி மாறுகிறது. நம் கல்லூரிகளில் இது சின்ன விஷயம் இல்லை. முதலாண்டுப் பிள்ளை மூன்றாமாண்டு அண்ணனிடம் நேராக நின்று பேசுவதற்கே ஒரு செமஸ்டர் ஆகும். மேடையில் அந்தப் பிள்ளை அவனைப் பார்த்து, "ஏலே, மாட்டை அவுத்து விட்டது நீதானே?" என்றால், அண்ணன் அந்தக் கணமே பயந்த பையனாக மாறி, "நான் இல்ல பாட்டி" என்று சொல்லியாக வேண்டும். அவளைப் பாட்டியாக்கியது அவன். அவனைக் குற்றவாளியாக்கியது அவள். அதுபோலவே, எதிரே நிற்பவர் "மாமா" என்று கூப்பிட்டுவிட்டால் நீங்கள் மாமாதான். நீங்கள் பெண்ணாக இருந்தாலும் சரி. பெண்கள் கல்லூரிகளில் நடக்கும் ஷோக்களில் பஞ்சாயத்துப் பெரிய மனுசன், கண்டக்டர், பொண்ணு பார்க்க வந்த சித்தப்பா என்று ஆண் வேஷங்களை அவர்கள் பிய்த்து உதறுவதைப் பார்க்க வேண்டும். வீட்டில் அத்தனை வருடமாக உட்கார்ந்து கவனித்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். முன்வரிசை அப்பாக்கள் கொஞ்சம் நெளிவதும் உண்டு.

ஜான்ஸ்டன் நடிகர்களிடம் ஒரு சங்கதியைக் கண்டுபிடித்தார். அவர்கள் பேசுவது உயிரில்லாமல் இருந்தபோது, "உன் நிலையை எதிராளியைவிட ஒரு படி மேலோ கீழோ வைத்துக்கொண்டு பேசு" என்று மட்டும் சொன்னார். உடனே காட்சி நிஜமாகிவிட்டது. ஆங்கிலத்தில் அந்தப் படியை உடம்பாலும் குரலாலும் காட்ட வேண்டும். தமிழில் வாயைத் திறந்தாலே படி வந்துவிடும். வாலே, வா, வாரும், வாங்க என்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் ஒருவரை உள்ளே கூப்பிடவே முடியாது. நல்ல ஆட்டக்காரர்கள் இதை வைத்தே விளையாடுகிறார்கள். கடன் கேட்க வந்தவன், "வாங்க, உட்காருங்க" என்பதில் தொடங்கி, பணம் கைக்கு வந்ததும் "நீரு" ஆகி, வாசலைத் தாண்டும்போது "நீ" ஆகிவிடுகிறான். ஒரு நகைச்சுவை வரிகூட வேண்டாம். விகுதி இறங்க இறங்கச் சிரிப்பு ஏறும்.

தமிழில் ஆடும்போது

ஆங்கில விளையாட்டுகளை அப்படியே எடுத்துக்கொண்டவர்கள் தமிழில் ஆடும்போது சில புதையல்களைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆளுக்கு ஒரு சொல்லாகக் கதை சொல்லும் விளையாட்டு ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் வினைச்சொல் சீக்கிரமே வந்துவிடும்; யார் என்ன செய்தார் என்பது இரண்டாவது, மூன்றாவது ஆளிலேயே தெரிந்துபோகும். தமிழில் அது கடைசியில் வருகிறது. "பாட்டி", "ராத்திரி", "பக்கத்துவீட்டு", "கோழியை..." என்று நாலு பேர் கொண்டுவந்து விட்டுவிட்டு ஐந்தாவது ஆளைப் பார்ப்பார்கள். சபை முழுக்க 'பிடித்தாள்' என்றுதான் காத்திருக்கும். அவன் யோசித்து, "மன்னித்தாள்" என்பான். வாக்கியம் முழுவதையும் ஒரே ஆள் கடைசி நொடியில் புரட்டிப் போடுவதற்கு நம் இலக்கணமே வசதி செய்து கொடுத்திருக்கிறது.

ஒவ்வொரு வசனமும் அடுத்த எழுத்தில் தொடங்க வேண்டும் என்ற விளையாட்டை உயிரெழுத்து பன்னிரண்டிலும் ஆடுவார்கள். அ-வில் தொடங்கி ஓ வரைக்கும் சுகமாகப் போகும். ஐ-க்கு ஒரு "ஐயோ" போதும். ஔ-வில்தான் சபையே முன்னால் குனிந்து உட்காரும். வழக்கமாக ஔவைப்பாட்டி வந்து காப்பாற்றுவார். மேற்குப் பக்கத்துப் பையன் என்றால் சட்டென்று, "ஔசேப்பு அண்ணே, பஸ்ஸு வந்தாச்சு!" என்று முடித்துவிடுவான்.

கேள்வியாலேயே பேச வேண்டும், பதில் சொன்னால் அவுட் என்பது இன்னொன்று. "எங்க போறீரு?" "உமக்கு எதுக்கு ஓய்?" "கேக்கப்பிடாதா?" "கேட்டா சொல்லணுமா?" "சொன்னா என்ன, குறைஞ்சா போவீரு?" இதை வடசேரி பஸ் ஸ்டாண்டில் பயிற்சியே இல்லாமல் சாயங்காலம் வரைக்கும் ஆடுவார்கள்.

பேச்சுவழக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ல்தான் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரத்தில் ஒரு தமிழ். கல்குளம், விளவங்கோட்டில் மலையாளச் சாயலோடு இன்னொரு தமிழ். தண்ணீர் வெள்ளமாகும், குதிப்பது சாடுவதாகும். சென்னையில் வேலைக்குப் போன நம் பிள்ளைகள் இதற்காகவே கேலி பட்டு, பேச்சை மாற்றிக்கொண்டு, ஊருக்கு வந்தால் மறுபடி மாற்றிக்கொள்கிறவர்கள். கல்லூரி மேடையிலும் பேச்சுப் போட்டி என்றால் ஒரு தமிழ், சினிமா பாணி நாடகம் என்றால் மதுரையோ சென்னையோ கலந்த ஒரு தமிழ். இம்ப்ராவில் பேச்சைத் திருத்திக்கொள்ள நேரம் இல்லை. அடுத்த நொடியில் பதில் வேண்டும். அப்போது வாயில் வருவது வீட்டில் பேசுகிற தமிழ்தான். சபையில் இருப்பவர்களும் அதே தமிழ்க்காரர்கள் என்பதால் அது கேலிப் பொருளாக வராமல் சாதாரணப் பேச்சாக மேடையில் நிற்கிறது. மார்த்தாண்டத்து ரப்பர் பால் வெட்டுக்காரரும், சின்னமுட்டத்து மீன்காரியும், தோவாளைப் பூ வியாபாரியும் தங்கள் குரலிலேயே பேசிக்கொள்கிற காட்சியை வேறு எந்த மேடையில் பார்த்தோம்? சினிமா இந்த மூன்று பேரையும் ஒரே மாதிரிப் பேசவைத்துவிடும்.

சிக்கல் இல்லாமல் இல்லை. 'எதையும் ஏற்றுக்கொள்' என்ற விதியைத் தப்பாகப் புரிந்துகொண்டு, எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று இறங்குகிறவர்கள் உண்டு. ஏற்பது காட்சியின் நிலவரத்தைத்தான். பாத்திரம் 'மாட்டேன்' என்று சொல்லலாம். ஆக்குப்புரை அண்ணாச்சி பிரதமனை இறக்க மறுக்கலாம், அது பிளாக் ஆகாது. ஆடுகிறவருக்குச் சங்கடமான இடத்துக்குக் காட்சி போனால், ஓரத்தில் நிற்கும் இன்னொருவர் குறுக்கே ஓடிப் போய் அதை முடித்து வேறு காட்சி தொடங்குவது முறை. நல்ல குழு இதை ரகசியமாகக்கூடப் பேசிக்கொள்வதில்லை, பயிற்சியிலேயே பழகிவிடுகிறது.

சாதி, மதம் பற்றிய சொல்லைச் சபையில் யாராவது வீசினால் நடத்துகிறவர் கேட்காதது மாதிரி அடுத்த வரிசைக்குப் போய்விடுவார். பெயரைச் சொன்னாலே மதத்தையும் ஊரைச் சொன்னாலே சாதியையும் ஊகித்துவிடுகிற மாவட்டம் இது. 1982-ல் மண்டைக்காட்டில் நடந்த மதக் கலவரத்தை இன்னும் மறக்காதவர்கள் சபையில் இருப்பார்கள். அதனால்தான் பாத்திரங்களுக்குப் பெயர் வைக்கும்போது பழகிய ஆட்டக்காரர்கள் ராஜன், மணி, ஜெயா என்று எல்லா வீட்டிலும் இருக்கக்கூடிய பெயர்களாகப் பார்த்து வைக்கிறார்கள். உருவத்தையும் நிறத்தையும் கேலி செய்வது எளிதாகச் சிரிப்பு வாங்கும் வழி. தொலைக்காட்சி அதைத்தான் பல வருடம் சொல்லிக்கொடுத்தது. அதில் இறங்காமல் ஒரு மணி நேரம் சிரிக்கவைக்கிற குழுவைப் பார்த்தால் அவர்கள் உண்மையில் உழைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒத்திகை கிடையாது என்றாலும் பயிற்சி உண்டு. வசனத்தை ஒத்திகை பார்ப்பதில்லை, கேட்பதைப் பழகுகிறார்கள்.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். முன்வரிசையில் சோபா போட்டிருந்தால் அது ஆசிரியர்களுக்கு. அதற்குப் பின்னால் நடுவாக உட்காருங்கள். சிறப்பு விருந்தினர் உரை வைத்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், நம் ஊரில் அதில் இருந்து எந்தக் கலைக்கும் விடுதலை கிடையாது. போனில் பிடித்து வீட்டுக் குழுவில் போடுவதில் பயனில்லை. "வெல்லம் கம்மியா இருக்கு" என்ற வரியை மட்டும் தனியாகக் கேட்கிற பெரியம்மாவுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருக்காது. ஒரு காட்சி படுத்துவிட்டால் சங்கடப்பட்டுத் தலையைக் குனியாதீர்கள். பத்தில் இரண்டு மூன்று படுக்கத்தான் செய்யும். அது அவர்களுக்கும் தெரியும்; விளக்கு அணைந்ததும் கைதட்டிவிட்டு அடுத்ததற்குத் தயாராகுங்கள். நடுவில் எழுந்து, "அப்படிச் சொல்லு, இப்படிச் சொல்லு" என்று எடுத்துக்கொடுப்பது மட்டும் வேண்டாம்.

கேட்கும்போது சொல்லுங்கள், அதுதான் உங்கள் வேலை. இங்கே பலர் தாங்களே ஜோக்கடிக்கப் பார்க்கிறார்கள். நடிகர் பெயர், கட்சித் தலைவர் பெயர், இல்லாவிட்டால் கழிப்பறை. நடிகர் பெயர் சொன்னால் மிமிக்ரிதான் வரும். கழிப்பறை எல்லா ஊரிலும், எல்லா ஷோவிலும் வருவது, ஆடுகிறவர்களுக்கு அலுத்துப்போயிருக்கும். சாதாரணமான ஒன்றைச் சொல்லுங்கள், ஆனால் ஊர் வாசனையோடு. கொப்பரை காயப்போட்ட மொட்டைமாடி, மகளின் பழைய சைக்கிள், சம்பந்தி வீட்டில் கொடுத்துவிட்ட மட்டிப்பழக் குலை, கரண்டு ஆபீசில் வேலை பார்க்கும் மச்சான். எவ்வளவு குறிப்பான பொருளோ அவ்வளவு நல்லது. 'கல்யாணம்' என்பதைவிட 'ஆக்குப்புரை' எவ்வளவு வேலை செய்தது என்று பார்த்தோம். ஒன்றும் தோன்றவில்லை என்றால் அன்றைக்குக் காலையில் கடைசியாக என்ன வாங்கினீர்களோ அதைச் சொல்லிவிடுங்கள். அரைக் கிலோ சாளை மீன் என்றாலும் போதும், அதை வைத்துப் பத்து நிமிடம் ஓட்டிவிடுவார்கள்.